பெட்டியோடு வந்த டிஸ்க்

சேலத்தில் கம்ப்யூட்டர் விற்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் ஆண்டுவிழாவுக்கு ஒரு மலர் போடுகிறது. அதற்கு எழுதச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, இப்ப வர்ற லேப்டாப்புல டிஸ்க்கே தனியா இல்ல. போர்டோட ஒட்டி வருது. கழட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க கழட்டுன காலத்தப் பத்தி எழுதுங்க, ஜாலியா இருக்கும்" என்றார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஜாலியாக ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க்தான். அதை எழுதுகிறேன். மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் ஊர் புதுச்சத்திரம். அப்பா ஒரு கோழிப்பண்ணையில் முட்டை குடோன் பார்த்தவர். நாமக்கல்லில் டிப்ளமோ முடித்துவிட்டு, சேலத்தில் ஜபருல்லா பாய் கடையில் சேர்ந்தேன். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுக்கும் கடை அது. முதல் மூன்று வருடம் திருகாணி கழற்றுவதிலும் தூசி துடைப்பதிலும் போனது. அதன்பிறகு இருபத்துநான்கு வருடம் அதே மேசை. போன வருடம் நின்றுவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. நிற்க வேண்டிய வயது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

பாய் அதிகம் பேசமாட்டார். டிஸ்க் எப்படிக் கீழே விழுந்தது, யார் தட்டிவிட்டார்கள் என்று வந்தவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பார். எல்லாம் முடிந்தபின் ஒரே கேள்வி கேட்பார்: "இதுல இருந்து உங்களுக்கு என்ன வேணும்?" ஆட்கள் திகைத்துப்போய், "எல்லாமே வேணும் பாய்" என்பார்கள். "எல்லாத்துலயும் எது மொதல்ல?" என்பார். அதற்கு வரும் பதிலை ஒரு பழுப்புச் சீட்டில் தன் கையால் எழுதி டிஸ்க்கோடு ரப்பர் பேண்டு போட்டு வைப்பார்.

அந்தச் சீட்டில் டிஸ்க் எப்படி வந்தது, எந்தக் கேபிளில் மாட்டினோம், மாட்டியதும் திரை என்ன சொன்னது என்பதும் ஏற வேண்டும். திரை கேட்கும் எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று அழுத்தக் கூடாது. முதலில் டிஸ்க் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். வேலை நகலில்தான், அசலைத் தொடக் கூடாது. ஒப்படைத்த பதினைந்தாம் நாள் நகலை அழித்துவிட்டு, அழித்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "ஊர்ல இருக்கிற கல்யாணமும் கடுதாசியும் நம்ம அலமாரியில தூங்கக் கூடாதும்மா" என்பார்.

ஒருநாள் பாய் ஒரு கேபிளைத் தூக்கிக் காட்டி, "சுமதி, இதுக்கு ஃபைல்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார்.

"தெரியாது. இத்தனாவது கட்டத்தக் கொண்டா, இத்தனாவது கட்டத்துல எழுது. அவ்வளவுதான் இதுக்குத் தெரியும். பேரு, தேதி, எந்த ஃபோல்டரு, இதெல்லாம் மேல இருக்கிற ஃபைல் சிஸ்டத்தோட வேலை."

எனக்கு உடனே அப்பாவின் குடோன் ஞாபகம் வந்தது. முட்டை எடுத்துக் கொடுக்கும் ஆளுக்கு எண் மட்டும் போதும். எந்த முட்டை எந்தக் கொட்டகை, என்றைக்கு வந்தது என்பதெல்லாம் அப்பாவின் நோட்டில் இருக்கும். நோட்டு தொலைந்தால் முட்டை அப்படியே இருக்கும், ஆனால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நோட்டும் குடோனுக்குள்ளேயே ஏதோ ஓர் எண்ணில்தான் வைக்கப்பட்டிருக்கும். இதை பாயிடம் சொன்னபோது, "சரியாப் புடிச்சுக்கிட்ட" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு நெடுநாள் பெருமை.

எண்ணுவதில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சீக்கிரமே பார்த்திருந்தேன். ராசிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் புதிய பெரிய டிஸ்க் ஒன்றைக் கடையிலேயே ஃபார்மட் செய்து, அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பழைய இன்டர்ஃபேஸுக்கு ஓர் அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது. லாரியின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதும் முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போல, அதுவும் திரும்பிவிடும். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. டிஸ்க் அந்த அளவைத் தாண்டிய அன்று, புதிதாக ஏற்றிய கல்யாணம் டிஸ்க்கின் ஆரம்பத்தில், நோட்டு இருந்த இடத்தின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது.

பாய் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி ராசிபுரம் போனார். "தப்பு எங்களுது. இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்காதது என்னோட தப்பு" என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோக்காரர் திட்டியதை எல்லாம் நின்றபடி கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில், "போன்ல சொல்லியிருந்தா அவரு பாதிதான் திட்டியிருப்பாரு. மீதி அவரு வயித்துலயே தங்கியிருக்கும்" என்றார்.

இதைப் பார்த்தவள்தான் நான். அதனால்தான் அடுத்து எழுதப் போவதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எடப்பாடிப் பக்கத்திலிருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். செல்வராசு விசைத்தறி ஓட்டுகிறவர். மனைவி கலாமணி. துண்டில் சுற்றி எடுத்துவந்ததைப் பிரித்தால் கையகலத்தைவிடப் பெரிய ஒரு யுஎஸ்பி டிஸ்க் பெட்டி. கேபிள் செருகும் சாக்கெட் பிய்ந்து உள்ளே தொங்கியது.

"தறிக்குப் பக்கத்துல வெச்சிருந்தமுங்க. கால் தட்டிக் கீழ உழுந்துருச்சு" என்றார் செல்வராசு.

அவர்களுடைய மகள் திவ்யாவுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்யலாமா என்று பார்ப்பதற்காக, வருகிற ஒவ்வொரு வலிப்பையும் வீடியோ எடுத்து, தேதி, நேரம், எந்தப் பக்கம் முதலில் இழுக்கிறது, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு பழைய கேமரா. அதற்குள் இருக்கும் கடிகாரம் வேலை செய்யாது, எப்போது எடுத்தாலும் ஒரே தேதியைத்தான் காட்டும். அதனால் ஃபைலின் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதி, ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழையதாக வாங்கிய இந்தப் பெட்டியில் ஏற்றிவந்திருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை டாக்டர் வரச் சொன்ன நாள்.

பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். செல்வராசு, "வீடியோ அல்லாமேங்க" என்று ஆரம்பித்தார். கலாமணி அவரை முடிக்க விடவில்லை.

"ஏனுங்க, வெறும் வீடியோவ வெச்சு என்ன பண்றது? பேருதானுங்க முக்கியம். பேருலதானுங்க அல்லாமே எழுதியிருக்குது."

பாய் சீட்டில் 'பெயரோடு வேண்டும்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு என்னிடம் கொடுத்தார்.

பெட்டியின் சாக்கெட்டைத் திரும்பப் பற்றவைக்க அரை நாள் ஆகும். அதுவும் நிற்குமா என்பது சந்தேகம். இப்படி வரும் பெட்டிகளை நாங்கள் பிரித்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டர் கேபிளில் மாட்டிவிடுவோம். கேபிளுக்குத்தான் ஃபைல் தெரியாதே, எந்தக் கேபிளாக இருந்தால் என்ன? பெட்டி வெறும் உறை. அப்படித்தான் நினைத்தேன். சீட்டில் 'யுஎஸ்பி பெட்டி, சாக்கெட் உடைந்தது' என்று எழுதிவிட்டு, பெட்டியை மேசைக்கு அடியில் போட்டேன்.

மாட்டியதும் திரை, டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அழுத்தவில்லை. நகல் போட்டேன். அது முடிய மறுநாள் மதியம் ஆயிற்று. நகலின் முதல் பக்கத்தில், நோட்டு 256ஆம் கட்டத்தில் தொடங்குகிறது என்று இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே வெறும் பூஜ்யங்கள். விழுந்ததில் நோட்டு சிதைந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

அம்மாபேட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்த கலாமணியும் செல்வராசுவும் அன்று காலையிலிருந்தே கடையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகனுக்கும் அப்போது எட்டு வயது. அன்று அவனுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார். பெயர்களைப் பற்றிக் கவலைப்படாமல், டிஸ்க் முழுக்கத் துழாவி வீடியோ மாதிரி இருப்பதை எல்லாம் அள்ளி எடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. எல்லா வழியும் பார்த்தபின் கடைசியாகத் தொட வேண்டியது அது. அதை ஓடவிட்டேன்.

"பையனுக்குக் காய்ச்சல். இது ஓடட்டும். திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றேன்.

"போங்க, போங்க. மொதல்ல பையனப் பாருங்க சாமி" என்றார் கலாமணி.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஸ்டூடியோக்காரர் தன்னுடைய பழைய கல்யாணங்களை அழித்துவிட்டு விற்றிருந்தார். அழிந்த இடங்களின் இண்டு இடுக்குகளில்தான் திவ்யாவின் வீடியோக்கள் போய் உட்கார்ந்திருந்தன. அதனால் டிஸ்க்கில் இருந்த வரிசையை வைத்தும் முன்பின் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் தாலி கட்டுவார், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும். அடுத்ததைத் திறந்தால் பாயில் ஒரு குழந்தை விறைத்துக் கிடக்கும், பின்னால் "சாமி, சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்று கலாமணியின் குரல். அடுத்ததில் பந்தி.

திவ்யாவின் வீடியோக்கள் முந்நூறுக்கும் மேல் தேறின. இரண்டு நாள் அவர்கள் இருவரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள்.

"இது பல்லு உழுந்ததுக்கு அப்புறம்" என்பார் கலாமணி.

"எந்தப் பல்லு?"

"மேல் பல்லுங்க. பாருங்க, ஓட்ட தெரியுது."

"அது கீழ்ப் பல்லு. மேல் பல்லு ஆடியில உழுந்துது."

"பெத்தவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"தறியில நின்னவன் நானு. அவ பல்லு உழுந்தன்னைக்குத்தான் தறி பெல்ட்டு அறுந்துது."

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். ஒரு வீடியோவில் சுவரில் தினசரிக் காலண்டர் தெரிந்தது. தேதியைப் படிக்க முடிந்தது. கலாமணி எழுந்து நின்று திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டார். அதன்பிறகு இருவரும் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்தார்கள். காலண்டர் தெரிந்தவை பதினொன்று. பாவாடையையும் பல்லையும் தலைமுடியையும் வைத்துச் சொன்னவை முப்பதோ என்னவோ. மற்றவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிஸ்க்கைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். ரசீதின் பின்பக்கத்தில், 'டிஸ்க் நல்ல நிலையில் உள்ளது. ஃபார்மட் செய்து பயன்படுத்தலாம்' என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து செல்வராசு போன் செய்தார். வரிசை தெரியாமல் டாக்டர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லையாம், இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம். "பரவால்லீங்க. நீங்க இல்லீன்னா இதுவுங்கூடக் கெடச்சிருக்காது" என்றார். பதினைந்தாம் நாள் நகலை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போன வருடம் ஆத்தூரிலிருந்து ஒரு வீடியோக்காரர் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ சத்தம் வருகிறது என்றார். பெட்டியில் போட்டால் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. பிரித்து நேராக மாட்டினேன். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. மறுபடி பெட்டிக்குள் போட்டேன். திறந்தது.

பிறகு இரண்டு விதமாகவும் முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நோட்டு 256ஆம் கட்டத்தில் என்றே இரண்டிலும் இருந்தது. பெட்டி வழியாகப் போனால் நோட்டு அங்கே இருந்தது. நேராகப் போனால் பூஜ்யங்கள்.

பெட்டி வெறும் உறை இல்லை. அதற்குள் இருந்த சின்னச் சர்க்யூட், டிஸ்க்கின் எட்டுக் கட்டங்களைச் சேர்த்து ஒரே கட்டமாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. குடோனில் முட்டையை ஒவ்வொன்றாகவும் எண்ணலாம், அட்டை அட்டையாகவும் எண்ணலாம். நோட்டு 256ஆம் அட்டையில் இருந்தது. நான் 256ஆம் முட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நோட்டு தொலைந்துபோனது என்று சொல்லியிருக்கிறேன். 256ஐ எட்டால் பெருக்கிப் போயிருந்தால் திவ்யாவின் முந்நூறு சொச்சம் வீடியோக்களும் பெயரோடு, தேதியோடு, ஃபோல்டரோடு அப்படியே இருந்திருக்கும். அதற்கு மென்பொருளில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கேபிளுக்கு ஃபைல் தெரியாது என்று பாய் சொன்னது சரி. ஆனால் நோட்டில் எழுதப்பட்ட எண்கள், எழுதிய அன்று நடுவில் இருந்தவர் எப்படி எண்ணினாரோ அப்படித்தான் இருக்கும். அவரை மாற்றினால் எண்ணிக்கை மாறும். இப்போது வேலை செய்யும் தம்பி தங்கைகள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வந்த டிஸ்க்கை, பெட்டியையும் சேர்த்தே ஒரே ஆளாக நினையுங்கள். அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பாருங்கள்.

பாய்க்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. மதியம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்து கடையில் கொஞ்ச நேரம் உட்காருவார். அவரிடம் சொன்னேன். பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். என் கையெழுத்துகளை எல்லாம் படித்தார். அதில் ஒட்டியிருந்த பழுப்புச் சீட்டில் தான் எழுதிய 'பெயரோடு வேண்டும்' என்பதையும் படித்தார்.

"நகலாச்சும் இருந்திருக்கலாம்" என்றேன்.

"அழிக்கச் சொன்னது நான். அது என் கணக்குல இருக்கட்டும்" என்றார். பதிவேட்டை மூடினார். "போய் நேர்ல சொல்லிட்டு வந்துரும்மா. நானும் வர்றேன்னு சொல்லுவேன். முட்டி விடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எடப்பாடி பஸ் ஏறினேன். போகும் வழியில் மகனுக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோயம்புத்தூரில் படிக்கிறான். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தன தடவ கேப்பீங்க? எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். அவன் சொல்வது சரிதான். அவனுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டின் முன்பாதியில் தறி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் செல்வராசு தறியை நிறுத்தினார். காதுக்குள் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. கலாமணி, "வாங்க மேடம், வாங்க. இத்தன தொலவு வந்திருக்கீங்களே" என்று நாற்காலி போட்டார். உள்ளே கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். திவ்யா. பதினெட்டு வயது. நெற்றியில் பழைய தையல் தழும்பு.

அவள் இருந்த அறையின் நான்கு சுவர்களிலும் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. நான் பார்ப்பதைக் கலாமணி பார்த்தார்.

"எந்தப் பக்கம் உழுந்தாலும் வீடியோவுல தேதி தெரியணுமுங்க. அன்னைக்கு உங்க கடையில பட்ட பாட்டுக்கு அப்புறம் மாட்டுனது. தெனமும் காலையில அவளே நாலையும் கிழிச்சிருவா."

அடுத்த வருடம் பெயரும் காலண்டருமாக எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்குள் வலிப்பு இரண்டு பக்கமும் வர ஆரம்பித்துவிட்டது. இனி ஆபரேஷன் ஆகாது, மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருடத்தால்தானா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் அவங்க சொல்லலீங்க. நாங்களும் கேக்கல" என்றார் செல்வராசு. பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். நான் எழுதிக் கொடுத்தபடியே ஃபார்மட் செய்து, வேறு பெட்டியில் போட்டு, அதில்தான் இன்னும் வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சொன்னேன். முட்டை, அட்டை எல்லாம் சொல்லி விளக்கினேன். அன்றைக்கு எல்லாமே உள்ளே இருந்தது, பெயரும் இருந்தது, நான்தான் தப்பான இடத்தில் தேடினேன் என்று சொன்னேன். செல்வராசு தறியில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படித் தேடியிருந்தா எத்தன நேரம் ஆயிருக்குமுங்க?" என்றார் கலாமணி.

பொய் சொல்லியிருக்கலாம்.

"அரை மணி நேரம்" என்றேன்.

"அர மணி நேரம்ங்களா" என்றார். பிறகு, "நாங்க ரெண்டு நாளும் அங்கயேதானுங்க உக்காந்திருந்தோம்" என்றார். குற்றம் சொல்வதுபோல இல்லை. தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது.

செல்வராசு நிமிர்ந்து தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதன்பிறகு யாரும் எதுவும் பேச முடியாது.

கலாமணி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலருகே வந்து கேட்டார்.

"அன்னைக்கு உங்க பையனுக்குக் காச்சல்னு போனீங்களே. உட்டுருச்சுங்களா?"

"விட்டுருச்சுங்க" என்றேன். "அடுத்த நாளே."